மீண்டும் மீண்டும் கோட்டம் விழுந்த ஒரு பின்சக்கரம்: நிகழ்வு ஆய்வு

திருவையாற்றுப் பக்கத்தில் கறவைக்காரர்களிடம் பால் வாங்கி, வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஊற்றிவரும் ஒரு பால்காரரின் சைக்கிளைப் பற்றியது இந்த ஆய்வு. 28 அங்குலச் சக்கரம், கறுப்புச் சட்டம், கம்பியால் இழுக்கும் பழைய முறைப் பிரேக், கனமான கேரியர் என்று நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் வகை வண்டி அது. கேரியரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 20 லிட்டர் கேன்கள் தொங்கும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டம்.

"போன மாசந்தான் கோட்டம் எடுத்தேன் தம்பி, மறுபடியும் ஆடுது" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் வண்டியை எங்கள் சைக்கிள் கடைக்குள் தள்ளிவந்தார். பின்சக்கரம் சுற்றும்போது டயர் சட்டத்தின் இடப்பக்கக் குழாயில் உரசி, அந்த இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. பிரேக்கைப் பிடித்தால் சீராகப் பிடிக்காமல், சுற்றுக்கு ஒரு முறை வெடுக்கென்று கவ்வி விடுவதாகவும், அப்போது கேன் மூடி வழியாகப் பால் சிந்துவதாகவும் சொன்னார். இவை இரண்டையும் விட முக்கியமான செய்தியைக் கேட்டபிறகுதான் சொன்னார்.

"கம்பி உடையுதாண்ணே?"

"அது உடைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. ஒண்ணு மாத்துனா அடுத்த மாசம் இன்னொண்ணு."

"எந்தப் பக்கம்?"

"செயின் பக்கந்தான் எப்பவும்."

கோட்டம், அதாவது சக்கரம் கோணி ஆடுவது, நோயின் பெயரன்று, அறிகுறியின் பெயர் என்பதை இந்த மூன்று பதில்களும் சேர்ந்தே காட்டின. ஒரு முறை குழியில் விழுந்து ரிம் (டயர் உட்காரும் வளையம்) வளைந்திருந்தால், அதைச் சரிசெய்தபின் அது அப்படியே நிற்க வேண்டும். ஒரு மாதத்தில் திரும்பவும் ஆடுகிறது, ஒரே பக்கத்தில் போக்ஸ் கம்பி ஒன்றன்பின் ஒன்றாக அறுகிறது என்றால், சக்கரம் முழுவதிலும் இழுவிசை சரியாகப் பகிரப்படவில்லை என்று பொருள். இந்த முடிவுக்கு வருமுன் வேறு மூன்று காரணங்களை விலக்க வேண்டியிருந்தது.

முதற்கட்டச் சோதனை

முதலாவது, ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், உள்ளே உள்ள ஆட்டம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றாமலேயே ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தால், கோன் (ஹப்புக்குள் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் மரை) தளர்ந்திருக்கும் வண்டியில் 'டக் டக்' என்று ஒரு தட்டல் கைக்குத் தெரியும். ரிம்மின் எந்த இடத்தைப் பிடித்து அசைத்தாலும் அந்த ஆட்டம் ஒரே அளவாக இருக்கும். கம்பியால் வரும் கோட்டமோ சுற்றும்போது மட்டும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தெரியும். இந்தச் சக்கரத்தில் இரண்டுமே இருந்தன. கோன் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடித்து முறுக்கும் சிறு மரையை) திருப்பத் தொடங்கினால், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ரிம் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். எது கோட்டம், எது ஆட்டம் என்று பிரித்தறியவே முடியாது. ஆகவே எந்தச் சக்கரத்திலும் ஹப்பைச் சரிசெய்த பிறகே கம்பியில் கைவைக்க வேண்டும்.

இரண்டாவது, அச்சு. சுமை வண்டிகளில் பின் அச்சு வளைவது வழக்கம் என்பதால், சக்கரம் ஆடினால் உடனே அச்சை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் சைக்கிளில் அச்சு சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. ஹப்தான் அதன்மேல் சுற்றுகிறது. வளைந்த அச்சினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கலாம், குண்டுகள் சீக்கிரம் தேயலாம். சுற்றுக்கு ஒரு முறை இடம் வலமாக ஆடும் கோட்டம் அதனால் வராது. சக்கரத்தைக் கழற்றியபின் அச்சை விரலால் உருட்டி அதன் முனைகளைப் பார்த்ததில், இது நேராகவே இருந்தது.

மூன்றாவது, டயர். ரிம் நேராக இருந்தும் டயர் சரியாக உட்காராமல் போனாலோ, உள்நூல் அறுந்து ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ, பார்வைக்கு அது கோட்டம் போலவே தெரியும். எனவே அளவு எடுக்க வேண்டியது ரிம்மின் விளிம்பில்தான், டயரில் அன்று. சட்டக் குழாயில் ஒரு சாக்குக்கட்டியை ஊன்றிப் பிடித்து, ரிம்மின் விளிம்பு அதை உரசும் இடங்களில் கோடு விழும்படி மெல்லச் சுற்றினோம். வால்வுத் துளையிலிருந்து கால் சுற்றுத் தள்ளி, ரிம் இடப்பக்கமாக 6 மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஏறக்குறைய அதற்கு எதிர்ப்புறத்தில் வலப்பக்கமாக 3 மில்லிமீட்டர் விலகல். அங்கேயே ரிம் ஹப்பை நோக்கி உள்வாங்கித் தட்டையாகவும் இருந்தது. அதன் அளவு சுமார் 3 மில்லிமீட்டர்.

பிரேக் கவ்வியதற்கு விடை இந்தத் தட்டையில் கிடைத்தது. கம்பி இழுக்கும் பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் அழுத்துவதில்லை. ரிம்மின் உள்முகத்தில், அதாவது ஹப்பைப் பார்த்த முகத்தில், வெளிநோக்கி அழுத்துகின்றன. ரிம் ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் அந்த இடம் வரும்போது கட்டையின்மேல் ஏறிவிடும். பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் காலிப்பர் பிரேக் உள்ள வண்டிகளில் இடம் வலமான கோட்டம் உடனே பிரேக்கில் தெரிந்துவிடும், தட்டை அவ்வளவாகத் தெரியாது. பழைய முறை வண்டியில் இது தலைகீழ். பக்கக் கோட்டம் சட்டத்தில் உரசும் வரை ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை என்பதால்தான் இவ்வகை வண்டிகள் முற்றிய நிலையில் கடைக்கு வருகின்றன.

கம்பி கம்பியாக

இவ்வகை வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருப்பது மரபு. பின்சக்கரத்தின் 40 கம்பிகளில் 20 வலப்பக்கம், அதாவது செயின் ஏறும் பல்சக்கரமான ஃப்ரீவீல் இருக்கும் பக்கம், 20 இடப்பக்கம். வால்வுத் துளையை அடுத்த கம்பியை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டி ஒலியைக் கேட்டு, எது இறுக்கம், எது தளர்வு என்று ஒரு தாளில் குறித்தோம். இழுவிசை கூடக்கூட ஒலி மேலே ஏறும். தளர்ந்த கம்பி மந்தமாகத் தட்டும். இதற்கென்று அளவுக் கருவிகள் உண்டு என்றாலும், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே நீளமும் ஒரே தடிமனும் உடையவை என்பதால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடக் காது போதும்.

தாளில் விழுந்த படம் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் 6 மில்லிமீட்டர் விலகிய இடத்தில் வலப்பக்கக் கம்பிகள் இரண்டு உடைந்தே கிடந்தன. வலப்பக்கம் இழுக்க ஆளில்லாமல் போகவே, இடப்பக்கக் கம்பிகள் ரிம்மைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. எதிர்ப்புறத்தில் நிலைமை வேறு. அங்கே துருவின்றிப் புதிதாக மின்னிய மூன்று கம்பிகள் கிண்ணென்று ஒலித்தன. முன்பு உடைந்தவற்றுக்குப் பதிலாகப் போடப்பட்டு, சக்கரம் கண்ணுக்கு நேராகத் தெரியும் வரை முறுக்கப்பட்டவை அவை. அந்த இடத்தில் ரிம் வலப்பக்கம் விலகியதற்கும், உள்வாங்கித் தட்டையானதற்கும் அந்த மூன்று கம்பிகளே காரணம். மீதிக் கம்பிகளில் பெரும்பாலானவை தொளதொளவென்று இருந்தன. இடப்பக்கத்தில் இரண்டு நிப்பிள்கள் சாவி வேண்டாமல் விரலுக்கே திரும்பின.

இதற்கு முன் வேறோர் இடத்தில் நடந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இந்தப் படமே சொல்லிவிட்டது. உடைந்த கம்பியை மாற்றி, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, உரசும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கக் கம்பியை மட்டும் உரசல் நிற்கும் வரை முறுக்குவது பரவலான வழக்கம். அவசரத்துக்கு வீடு போய்ச்சேர அது உதவும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதையே முழு வேலையாக ஒவ்வொரு முறையும் செய்யும்போது, முறுக்கிய கம்பி தன் பங்குக்கு மேல் தாங்குகிறது, மற்றவை தம் பங்கைத் தாங்காமல் இருக்கின்றன, ஓர் இடத்துக் கோட்டத்தை எடுத்த வேகத்தில் அடுத்த இடத்துக் கோட்டத்துக்கு வித்திடப்படுகிறது. ரிம் நேராக இருப்பதும் சக்கரம் நன்றாக இருப்பதும் ஒன்றன்று. சீரற்ற இழுவிசையைக் கொண்டும் ரிம்மை ஒரு நாளைக்கு நேராக நிறுத்திவிட முடியும். அடுத்த நாள் சுமை ஏறும்போது அது பழைய இடத்துக்குப் போய்விடும்.

கம்பி ஏன் உடைகிறது

போக்ஸ் கம்பி எடையைத் தூண் போலத் தாங்குவதில்லை. அவ்வளவு மெல்லிய கம்பியை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்தினால் வளைந்து போகும். கொடிமரத்தை நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது போல, எல்லாக் கம்பிகளும் ரிம்மை ஹப்பை நோக்கி முன்கூட்டியே இழுத்துப் பிடித்திருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. இழுவிசையால் நிற்கும் சக்கரம் என்ற எண்ணத்தை இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி 1808-லேயே எழுதிவைத்தார். கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகப் புறப்படாமல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்லும் அமைப்புக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசையைச் சாய்ந்த கம்பிகள்தாம் ரிம்முக்குக் கடத்த முடியும் என்பதால், இன்று வரை நம் பின்சக்கரங்கள் அதே முறையில் பின்னப்படுகின்றன.

சுமை ஏறும்போது நடப்பதை அறிந்தால் இந்த நிகழ்வு முழுவதும் விளங்கிவிடும். எடை ஏறியதும் மேலேயுள்ள கம்பிகள் பெரிதாக இழுபடுவதில்லை; தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளின் இழுவிசைதான் குறைகிறது. சக்கரம் உருளும்போது ஒவ்வொரு கம்பியும் கீழே வரும் கணத்தில் தளர்ந்து, மேலேறும்போது மீண்டும் இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 சுற்றுகள். நாளுக்கு 15 கிலோமீட்டர் என்றால் 6,800 தடவைக்குக் குறையாமல் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகும். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் அது 20 லட்சத்தைத் தாண்டும்.

கம்பியில் போதுமான இழுவிசை முன்பே இருந்தால், கீழே வரும்போது கொஞ்சம் குறைந்தாலும் அது இறுக்கமாகவே இருக்கும். ஹப் துளைக்குள் அதன் வளைவு அசையாது. இழுவிசை போதாத கம்பியோ கீழே வரும் ஒவ்வொரு முறையும் முற்றிலும் தொய்ந்து, வளைவு துளைக்குள் நெளிந்து, பிறகு வெடுக்கென்று இழுபடுகிறது. அந்தத் தொய்வில் நிப்பிளும் தானே கழன்று கொடுக்கிறது. இந்த வண்டியில் பாலும் கேனும் மட்டுமே 45 கிலோவுக்கு மேல். ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்தால் 125 கிலோவை நெருங்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. தொளதொளத்த கம்பிகளுக்கு இது அதிகம்.

உடைந்த கம்பித் துண்டுகளை ஹப்பிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டும் ஒரே இடத்தில், தலையை ஒட்டிய வளைவில் அறுந்திருந்தன. அறுந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழவென்று பழுப்பேறியிருந்தது. மீதி மட்டும் சொரசொரப்பாக, புது இரும்பின் வெள்ளி நிறத்தில் இருந்தது. பழுப்பேறிய பகுதி நெடுநாள் முன்பே விரிசல் விட்டு, ஈரமும் காற்றும் புகுந்து துருப்பிடித்தது. வெள்ளியாக இருந்த பகுதி கடைசி நாளில் அறுந்தது. குழியில் இறங்கிய அன்று உடைந்தது என்று பால்காரர் நினைத்தாலும், கம்பி மாதக்கணக்கில் அறுந்துகொண்டே வந்திருக்கிறது. குழி அதை முடித்துவைத்தது, அவ்வளவே.

செயின் பக்கம் மட்டும் ஏன் உடைகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஃப்ரீவீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்க ஹப் விளிம்பு நடுவை நோக்கித் தள்ளி அமைகிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அந்தப் பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தை விடக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். மிதிக்கும் விசையும் அந்தப் பக்கத்தில்தான் நுழைகிறது. இதனால் விரிசல் அங்கே முதலில் முற்றுகிறது.

எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது

மூன்று வழிகள் இருந்தன. உடைந்த இரண்டை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் சீராக முறுக்குவது முதல் வழி. இதுவே மலிவு, ஆனால் வலப்பக்கத்துப் பழைய கம்பிகளுள் பலவற்றில் இதே விரிசல் வெவ்வேறு அளவில் இருந்தே தீரும் என்பதால், மாதம் ஒரு கம்பி என்ற கதை தொடரும். புது ரிம், புதுக் கம்பிகள் நாற்பது என்று சக்கரத்தையே புதிதாகப் பின்னுவது மூன்றாவது வழி. அதற்குரிய பணத்தை ஒரே முறையில் செலவிட அவர் தயாராக இல்லை. ரிம் அதற்குத் தகுந்த அளவு கெட்டிருக்கிறதா என்பதும் அப்போது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, எல்லா நிப்பிள்களையும் தளர்த்தி, ரிம்மின் மேல் எந்த இழுவிசையும் இல்லாத நிலையில் அதன் இயல்பான வடிவத்தைப் பார்ப்பதுதான். துருவேறிய நிப்பிள்களில் மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் கலந்து சொட்டுவிட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் தளர்த்தினோம். ஊறவைக்காமல் சாவி போட்டால் நிப்பிளின் நான்கு முனைகளும் வழுக்கிப்போகும், அல்லது கம்பியே முறுகி அறும். எல்லாம் தளர்ந்தபின் ரிம்மைச் சமமான கடப்பைக் கல்லின்மேல் கிடத்திப் பார்த்தால், பக்கவாட்டில் தூக்கி நின்றது ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும். 3 மில்லிமீட்டர் தட்டையில் இரண்டு மில்லிமீட்டர் தானாகவே வெளியே வந்துவிட்டது. அதாவது, நாம் கண்ட கோட்டத்தின் பெரும்பகுதி ரிம்மில் இல்லை. கம்பிகள் அதை அப்படி இழுத்துப் பிடித்திருந்தன. இதே சோதனையில் ரிம் ஐந்தாறு மில்லிமீட்டர் வளைந்து நின்றிருந்தால், கம்பியின் பலத்தால் அதை நேராக்க முனைவது வீண். ரிம்மை மாற்றுவதே நேர்மையான ஆலோசனையாக இருந்திருக்கும்.

எனவே நடு வழியைத் தேர்ந்தோம். அண்மையில் போட்ட மூன்று உட்பட வலப்பக்கக் கம்பிகள் இருபதையும் மாற்றிவிடுவது. இடப்பக்கக் கம்பிகளையும் ரிம்மையும் வைத்துக்கொள்வது. இடப்பக்கத்திலும் நெடுநாள் தொய்ந்து கிடந்த கம்பிகள் இருப்பதால் பின்னால் ஒன்றிரண்டு உடையலாம் என்பதை அவரிடம் முதலிலேயே சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டார்.

வேலை நடந்த விதம்

வலப்பக்கக் கம்பிகளின் தலை ஃப்ரீவீலுக்குப் பின்னால் இருப்பதால் அதைக் கழற்றாமல் கம்பி ஏறாது. மிதிக்க மிதிக்க மேலும் இறுகும்படி மரை அமைந்திருப்பதால், ஆண்டுக்கணக்கில் ஓடிய ஃப்ரீவீல் எளிதில் வராது. அதற்கான கழற்றியை வைஸில் கவ்வவைத்து, அதன்மேல் ஃப்ரீவீலின் வெட்டுகள் பொருந்தும்படி சக்கரத்தைக் கிடத்தி, ரிம்மை இரு கையாலும் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் ரிம்மின் விட்டமே நெம்புகோலாகிவிடுகிறது. சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டிக் கழற்றும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஹப்பின் மரை போனால் ஹப்பே போயிற்று.

ஹப்பைப் பிரித்துக் கழுவியதில் வலப்பக்கக் கோனின் பாதையில் சிறு குழிகள் விழுந்திருந்தன. அந்தக் கோனையும், பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றினோம். தேய்ந்த குண்டுகளோடு புதிதாக ஒன்றிரண்டைக் கலந்து போடுவது கூடாது; பெரியதாக இருக்கும் குண்டே முழுச் சுமையையும் தாங்கும். கிரீஸ் வைத்து, கோனை இறுக்கிப் பின் சிறிதளவு தளர்த்தி, கோன் நகராமல் பிடிக்கும் செக்நட்டைப் பூட்டினோம். செக்நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் கூடவே திரும்புவதால் இதை ஒரே முயற்சியில் முடிப்பது அரிது. அச்சு விரலுக்கு வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது.

புதுக் கம்பிகளை வாங்கும்போது உடையாத பழைய கம்பி ஒன்றை முழுதாகக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளந்து, நீளமும் தடிமனும் ஒத்துப்போவதைப் பார்த்து வாங்க வேண்டும். 'இருபத்தெட்டு அங்குலத்துக்குக் கம்பி' என்று கேட்டு வாங்கியதால் நிப்பிளை எட்டாமலோ, எட்டித் தாண்டி டியூபைக் குத்தும்படியோ அமைந்த சக்கரங்கள் ஏராளம். இருபதில் பத்து தலை வெளியே தெரியும்படியும், பத்து தலை உள்ளே அமையும்படியும் ஏற்றி, இடப்பக்கத்தில் இருந்த பின்னலைப் பார்த்து அதே முறையில் நான்கு குறுக்காகப் பின்னினோம். கடைசிக் குறுக்கில் மட்டும் வெளிக்கம்பி உள்கம்பிக்கு அடியில் நுழைந்து செல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வது அந்தத் தொடுகையால்தான். மரைகளில் ஒவ்வொன்றிலும் துளி கிரீஸ் தடவினோம்.

பின்னிய பிறகு, கம்பியின் மரை நிப்பிளுக்குள் முழுவதும் மறையும் அளவுக்கு எல்லாவற்றையும் திருப்பி, நாற்பதையும் ஒரே தொடக்கத்துக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் வால்வுத் துளையில் தொடங்கி அதே இடத்தில் முடியும்படி, எல்லா நிப்பிள்களுக்கும் அரைச் சுற்று. பின்னர் மீண்டும் ஒரு வட்டம். எந்தக் கம்பிக்கும் தனிச் சலுகை காட்டாத இந்தக் கட்டந்தான் சக்கரத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் சரியாகச் செய்தால் பின்னால் கோட்டம் எடுக்க அதிகம் இருக்காது.

திருப்பும் திசையில் பலர் தடுமாறுவர். ரிம்மின் வெளிப்புறத்திலிருந்து, டயர் உட்காரும் பக்கமாகப் பார்த்தால், நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்க்கும்போது இது இடஞ்சுழியாகத் தெரியும். ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பி 0.45 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது என்றாலும், விறைத்த கம்பியில் கால் சுற்றுகூடப் பெரிய மாற்றத்தைத் தரும். ஆகவே கம்பிகள் விறைப்படைந்த பிறகு கால் சுற்றுக்கு மேல் எதையும் ஒரே முறையில் திருப்பவில்லை.

மேடு பள்ளத்தை முதலில் எடுத்தோம், பக்கக் கோட்டத்தைப் பிறகு. ரிம் வெளியே தூக்கும் இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்குவது, உள்வாங்கும் இடத்தில் இரு பக்கத்தையும் சமமாகத் தளர்த்துவது; இப்படிச் செய்தால் ரிம் இடமோ வலமோ போகாது. பக்கக் கோட்டத்தில், ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அங்கே வலக்கம்பியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அருகிலுள்ள இடக்கம்பிகளைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் இறுக்கிக்கொண்டே போவதால்தான் தட்டை விழுகிறது. இந்தச் சக்கரத்தின் பழைய தட்டை அப்படி வந்ததே. கோட்டத்தின் நடுவில் உள்ள கம்பிக்குக் கால் சுற்று, அதன் இருபுறமும் உள்ளவற்றுக்கு அதில் பாதி என்று பிரித்துக் கொடுத்தோம். ரிம் நடுவில் நிற்கிறதா என்று அறிய, செயின் இல்லாமல் சக்கரத்தைச் சட்டத்தில் ஒரு முறை நேராகவும் ஒரு முறை பக்கம் மாற்றியும் பூட்டி, இரு முறையும் குழாயிலிருந்து ரிம்முக்கு உள்ள தூரம் ஒன்றாக வரும்வரை வலப்பக்கம் முழுவதையும் சிறிது சிறிதாக இறுக்கினோம்.

இறுக்கம் கூடியபின் நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுகும். அதை அப்படியே விட்டால் ஓடும்போது முறுக்கு அவிழ்ந்து கோட்டம் திரும்பும். வேண்டிய அளவுக்குச் சற்றே மேலே திருப்பி, அதே அளவு பின்னுக்குத் திருப்பிவிட்டால் கம்பி நேராக நிற்கும். அதன்பின் ஒரே பக்கத்தில் இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பற்றி அழுத்திப் பிசைந்தோம். புதுக் கம்பிகளின் வளைவுகள் ஹப் துளையில் பதிந்து உட்காரும் ஒலி அப்போது கேட்கும். பிசைந்தபின் சக்கரம் கொஞ்சம் கலைந்திருக்கும். மீண்டும் சரிசெய்து, மீண்டும் பிசைந்து, கலைவது நின்றபின்தான் விட்டோம். பல கடைகளில் விடுபட்டுப்போவது இந்தப் படிதான். அதற்குச் செலவு எதுவும் இல்லை, கை வலிக்கும், அவ்வளவுதான்.

முடிவில் பக்கக் கோட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. மேடு பள்ளமும் அவ்வாறே. ரிம்மின் பற்றவைப்பு இருந்த ஓரிடத்தில் மட்டும் சிறு தடிப்பு மிஞ்சியது. அதையும் கம்பியை இறுக்கி மறைத்திருக்கலாம், ஆனால் அங்கே கம்பிகளின் ஒலி மாறிவிடும் என்பதால் விட்டுவிட்டோம். வலப்பக்கக் கம்பிகள் இருபதும் ஏறக்குறைய ஒரே சுருதியிலும், இடப்பக்கம் இருபதும் அதற்குச் சற்றுக் கீழே தம்முள் ஒரே சுருதியிலும் ஒலித்தன. நிப்பிளுக்கு மேலே நீண்ட கம்பி முனைகளை அரம் போட்டுத் தேய்த்து, புது ரிம் டேப் சுற்றி, டயர் ஏற்றி, காற்றை டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டுள்ள அளவுக்கு அடித்தோம். கேன் ஏற்றியபின் டயர் தரையில் படர்ந்து உட்காரும்படி காற்றைக் குறைவாக வைத்துக்கொண்டு ஓட்டியதே ரிம்மில் எஞ்சியிருந்த ஒரு மில்லிமீட்டர் தட்டைக்குக் காரணமாக இருக்க வேண்டும்.

பின்தொடர்வு

புதுக் கம்பிகள் சுமையோடு சில நாள் ஓடிப் பதிந்த பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவரும் ஒரு வாரம் கழித்து வந்தார். இரண்டு இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருந்தது. கால் சுற்றுகளில் அது சரியானது. பிரேக் கவ்வுவது அடியோடு நின்றுவிட்டதென்றும், வளைவில் திரும்பும்போது பின்பக்கம் நெளிவது போல இருந்த உணர்வு போய்விட்டதென்றும் சொன்னார். அந்த நெளிவு முதலில் அவர் சொன்ன குறைகளில் இல்லை. நாளடைவில் பழகிப்போனதால் அது குறையாகவே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு இடப்பக்கத்தில் ஒரு பழைய கம்பி, எதிர்பார்த்தபடியே, தலை வளைவில் அறுந்தது. மற்றவை சீராக இறுகியிருந்ததால் ரிம் இரண்டு மில்லிமீட்டர் அளவே விலகியது. டயர் குழாயைத் தொடவில்லை. அவர் அன்றைய பாலை ஊற்றி முடித்துவிட்டே வண்டியைக் கொண்டுவந்தார். முன்பெல்லாம் ஒரு கம்பி அறுந்தாலே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. இம்முறை இடப்பக்கம் இருபதையும் மாற்றினோம். அந்தப் பக்கத்துக்கு ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் வேலை அன்று மாலை நடைக்குள் முடிந்தது. ரிம் பழையதே இருக்கிறது. வலப்பக்கத்தில் அதற்குப்பின் கம்பி எதுவும் உடையவில்லை.